எறிந்த கையும் எறியவைத்தவரும்: கல்லூரி பேஸ்பாலில் பிட்சிங் பயிற்சியாளரின் பணிவாழ்வு

1. கேள்வி

2022 ஜூன் இறுதியில் மினசோட்டா ட்வின்ஸ் அணி அமெரிக்கன் லீகின் மத்தியப் பிரிவில் முன்னிலையில் இருந்தது. சீசன் அப்போதுதான் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அணியின் பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன் பதவியை விட்டு விலகினார். அவர் போனது வேறொரு மேஜர் லீக் அணிக்கு அல்ல. எல்.எஸ்.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதே பிட்சிங் பயிற்சியாளர் வேலைக்குப் போனார். தொழில்முறை பேஸ்பாலின் உச்சியில் இருப்பவர், முதலிடத்தில் இருக்கும் அணியை நடுவழியில் விட்டுவிட்டு மாணவர்களிடம் திரும்புவதை விளையாட்டு எழுத்தாளர்கள் பலரால் நம்ப முடியவில்லை. ட்வின்ஸ் அந்த ஆண்டை 78 வெற்றி, 84 தோல்வியுடன் மூன்றாம் இடத்தில் முடித்தது.

அந்த வியப்பில் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. பயிற்சியாளரின் வாழ்க்கை ஓர் ஏணி, அதன் மேற்படி மேஜர் லீக், கல்லூரி அதற்குக் கீழ்ப்படி என்பது அந்த முன்முடிவு. வெஸ் ஜான்சனின் முடிவு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆனால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: கல்லூரி பிட்சிங் பயிற்சியாளர் ஒருவர் தன் தொழிலில் வென்றாரா, தோற்றாரா என்பதை எதைக் கொண்டு சொல்வது?

வழக்கத்தில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. அணி வென்ற பட்டங்கள் முதலாவது. அவர் கையில் வளர்ந்து, மேஜர் லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான பிட்சர்களின் பெயர்கள் இரண்டாவது. அடுத்து அவருக்குக் கிடைத்த பெரிய வேலை மூன்றாவது. பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பயிற்சியாளர் அறிமுகக் குறிப்பு எதை எடுத்தாலும் இந்த மூன்றும்தான் இருக்கும். இந்த மூன்றிலுமே பயிற்சியாளரின் பங்கை வேறு காரணங்களிலிருந்து பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்பதும், அவர் பங்கு நேரடியாகப் படியும் ஒன்று, அதாவது மாணவரின் தோளும் முழங்கையும், எந்த அளவுகோலிலும் இடம்பெறுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வாசகர் வசதிக்காக ஒன்று. இக்கதையில் ஜான்சன்கள் அதிகம். வெஸ், டெரெக், ஸ்கிப் என்று மூன்று பிட்சிங் பயிற்சியாளர்கள். வெஸ்ஸை வேலைக்கு எடுத்த எல்.எஸ்.யு. தலைமைப் பயிற்சியாளரும் ஜே ஜான்சன்தான். எனவே இனி முதற்பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

2. பதவியின் வடிவம்

கல்லூரி பிட்சிங் பயிற்சியாளர் என்பவர் எறியும் முறையைத் திருத்தும் ஆசிரியர் மட்டும் அல்ல. கிரிக்கெட்டில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆட்டம் தொடங்கியதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுவிடுவார். அடுத்த பந்தை எப்படி வீசுவது என்பது வீசுபவரும் கேப்டனும் முடிவு செய்வது. மேஜர் லீகிலும் ஏறத்தாழ அப்படித்தான்: எந்தப் பந்து என்று கேட்சர் தெரிவிப்பார், பிட்சர் தலையசைப்பார். கல்லூரியில் நிலைமை வேறு. பெரும்பாலான அணிகளில் எந்தப் பந்தை, எந்த இடத்துக்கு எறிய வேண்டும் என்பதை டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரே ஒவ்வொரு பந்துக்கும் சொல்கிறார். முன்பு காதையும் தொப்பியையும் தொட்டுக் காட்டும் சைகைகள் இருந்தன. பிறகு கேட்சரின் மணிக்கட்டில் எண்கள் அச்சிட்ட அட்டை வந்தது. பயிற்சியாளர் மூன்று இலக்கங்களைக் கத்துவார், கேட்சர் அட்டையில் பார்த்துக்கொள்வார். 2022 சீசன் முதல், டக்அவுட்டிலிருந்து ஒருவழியாகச் செய்தி அனுப்பும் மின்னணுக் கருவிக்கும் அனுமதி கிடைத்தது.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் எறியப்படும் நூற்றுச் சொச்சம் பந்துகளின் எண்ணமும் பெரும்பாலும் ஒரே தலையிலிருந்து வருகிறது. இதை ஆதரிப்பவர்கள், பத்தொன்பது வயதுக் கேட்சருக்கு எதிரணியின் புள்ளிவிவரங்கள் அனைத்தும் நினைவில் இருக்காது என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், இப்படிப் பழகியவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்போது சிந்திக்கத் தெரியாத கையாக மட்டும் போகிறார் என்கிறார்கள். இரண்டாவது தரப்பில் நியாயம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வெற்றிக்காகச் சம்பளம் பெறும் ஒருவர் அந்த நியாயத்தை ஏற்று மௌனமாக உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

கல்லூரிச் சீசன் 56 ஆட்டங்கள் கொண்டது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று வார இறுதியில் ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை ஒரு தனி ஆட்டம். அணியின் தலைசிறந்த பிட்சர் வெள்ளிக்கிழமை எறிவார். அவருக்கு 'ஃப்ரைடே நைட் ஸ்டார்ட்டர்' என்றே பெயர். ஆறு நாள் ஓய்வு, ஒரு நாள் உழைப்பு. தொழில்முறையில் ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிய வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இது சலுகைபோலத் தெரியும். ஆனால் மே மாத இறுதியில் 64 அணிகளின் தேசியப் போட்டி தொடங்கியதும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். முதற்கட்டத்தில் நான்கு அணிகள் ஒரே மைதானத்தில் மோதும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி மீண்டு வர வேண்டுமானால் நான்கு நாளில் ஐந்து ஆட்டங்கள்கூட ஆட நேரும். பயிற்சியாளரின் தீர்ப்பு சோதிக்கப்படுவது அந்த நான்கு நாளில்தான்.

பொருளாதாரமும் பதவியின் வடிவத்தில் அடக்கம். நீண்ட காலம், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிகள் ஒரு பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரையும் சம்பளம் பெறும் துணைப் பயிற்சியாளர்கள் இருவரையும் மட்டுமே அனுமதித்தன. நான்காமவர் 'தன்னார்வலர்'. முழுநேரமும் உழைப்பார், பல்கலைக்கழகச் சம்பளம் கிடையாது, கோடை முகாம்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்து பிழைத்துக்கொள்வார். 2023 ஜூலையில்தான் இந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. தன்னார்வலர்களாக இருந்தவர்கள் தொடுத்த வழக்கு பிறகு 4.9 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இன்று லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் பலரும் கடந்து வந்த வழி இது. மேலே சில பத்து நாற்காலிகள், கீழே சம்பளமே இல்லாமல் காத்திருந்த ஒரு தலைமுறை. இத்தகைய தொழிலில் ஒருவர் மேலே வந்ததற்குத் திறமை எவ்வளவு காரணம், காத்திருக்க முடிந்த வசதி எவ்வளவு காரணம் என்பதை எவரும் கணக்கிட்டதில்லை.

3. வெஸ் ஏறிய படிகள்

ஆர்கன்சாவைச் சேர்ந்த வெஸ், பள்ளி அணிகளைப் பயிற்றுவித்துத் தொழிலைத் தொடங்கியவர். மேஜர் லீகில் ஆடியவர் அல்ல. சென்ட்ரல் ஆர்கன்சா, டாலஸ் பாப்டிஸ்ட், மிசிசிப்பி ஸ்டேட், ஆர்கன்சா என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக மேலே வந்தார். பிட்சர்களின் எறிவேகத்தைக் கூட்டுபவர் என்ற பெயர் டாலஸ் பாப்டிஸ்ட் காலத்திலேயே பரவிவிட்டது. அவர் பணியாற்றிய ஆர்கன்சா அணி 2018-இல், தேசியப் போட்டியின் கடைசிக் கட்டமான கல்லூரி உலகத் தொடரின் இறுதிச் சுற்றை எட்டி ஆரிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. பட்டம் கைக்கு எட்டிய இரண்டாவது ஆட்டத்தில், எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய ஒரு ஃபவுல் பந்து மூன்று ஆட்டக்காரர்களுக்கு நடுவே தரையில் விழுந்தது. அந்தப் பந்துக்கும் பிட்சிங் பயிற்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதலாவது அளவுகோலான பட்டம் எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடத் தேவையில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ட்வின்ஸ் அவரை எடுத்தது. தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய, பயிற்றுவித்த அனுபவம் எதுவுமின்றிக் கல்லூரியிலிருந்து நேராக மேஜர் லீக் பிட்சிங் பயிற்சியாளரானவர் என்று அவரது நியமனம் பேசப்பட்டது. 2019-இல் ட்வின்ஸ் 101 ஆட்டங்களை வென்றது. புதியவரின் வெற்றி என்று அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. அதே அணி அந்த ஆண்டு 307 ஹோம்ரன்கள் அடித்து மேஜர் லீக் சாதனை படைத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். 2021-இல் அதே பயிற்சியாளரின் கீழ் அணி 89 ஆட்டங்களில் தோற்றது.

2022-இல் அவர் கல்லூரிக்குத் திரும்பியதைப் பணத்தைக் கொண்டு விளக்கியவர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சி வருவாயில் திளைக்கும் தென்கிழக்கு மாநாடு (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்ற போட்டிக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்கள் துணைப் பயிற்சியாளர்களுக்கே மேஜர் லீக் அணிகளை மிஞ்சும் சம்பளம் தரத் தொடங்கிய காலம் அது. 162 ஆட்டங்களும் இடைவிடாத பயணமும் குடும்பத்தை விழுங்குகின்றன, கல்லூரி நாட்காட்டி மனிதத்தன்மை உள்ளது என்பது வேறொரு விளக்கம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதிகாரம். மேஜர் லீக் பயிற்சியாளரிடம் வருபவர் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர். தனக்கென்று தனிப் பயிற்சியாளரும் முகவரும் வைத்திருப்பவர். ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. கல்லூரியில் யாரைச் சேர்ப்பது, யார் வெள்ளிக்கிழமை எறிவது, எந்தப் பந்தை எறிவது, எப்போது நிறுத்துவது என்று நான்கிலும் பயிற்சியாளரின் சொல்லே எடுபடும். தன் கைவேலை தெரிய வேண்டும் என்று விரும்பும் ஒருவருக்கு எந்த நாற்காலி உயர்ந்தது என்பது இப்படிப் பார்த்தால் அவ்வளவு எளிதான கேள்வி அல்ல. வெஸ்ஸுக்குப் பின் ட்வின்ஸ் பொறுப்பேற்ற பீட் மாக்கியும் முன்பு டியூக் பல்கலைக்கழகத்தில் பிட்சிங் பயிற்சியாளராக இருந்தவர்தான்.

எல்.எஸ்.யு.வில் வெஸ் ஓராண்டுதான் இருந்தார். 2023-இல் அணி தேசியப் பட்டம் வென்றதும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். இங்கே அந்த நாற்காலியையும் சற்றுப் பார்க்க வேண்டும். அவருக்கு முன் அதில் இருந்த ஜேசன் கெல்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போனதால்தான் இடம் காலியானது. வெஸ்ஸுக்குப் பின் வந்தவர் நேட் எஸ்கி. எஸ்கியின் காலத்தில் 2025-இல் எல்.எஸ்.யு. மீண்டும் பட்டம் வென்றது. 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒருவராக மூன்று பிட்சிங் பயிற்சியாளர்கள். 2023, 2025 என இரண்டு பட்டங்கள். நாற்காலியில் இருப்பவர் மாறியும் விளைவு மாறவில்லை என்றால், விளைவை உண்டாக்குவது நாற்காலியில் இருப்பவரா, நாற்காலியை வைத்திருக்கும் பல்கலைக்கழகமா? எஸ்கியின் பக்கம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: 2018-இல் ஆர்கன்சாவை வென்ற ஆரிகன் ஸ்டேட்டின் பிட்சிங் பயிற்சியாளரும் அவரே. எங்கு போனாலும் வெல்பவர் என்று வாதிட இடமுண்டு. ஆனால் வெல்லக்கூடிய பல்கலைக்கழகங்கள்தான் அவரை அழைக்கின்றன என்ற எதிர்வாதத்துக்கும் அதே அளவு இடமுண்டு.

4. ஆக்கமா, தேர்வா

இரண்டாவது அளவுகோல், டிராஃப்டில் போன பெயர்கள். இதற்கு எடுத்துக்காட்டாக அதிகம் சொல்லப்படுவது டெரெக் ஜான்சனின் பணிவாழ்வு. 2002 முதல் 2012 வரை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவரிடம் இருந்த டேவிட் பிரைஸ் 2007 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். மைக் மைனர் 2009-இல் ஏழாவது, சோனி கிரே 2011-இல் பதினெட்டாவது.

இவர்கள் மூவரும் பள்ளி முடித்தபோதே டிராஃப்டில் இருந்தவர்கள். பிரைஸை 19-ஆம் சுற்றிலும், மைனரை 13-ஆம் சுற்றிலும், கிரேயை 27-ஆம் சுற்றிலும் ஏதோ ஓர் அணி எடுத்து வைத்தது. மூவரும் கையெழுத்திடாமல் கல்லூரிக்கு வந்தார்கள். 27-ஆம் சுற்றுக்காரர் மூன்றே ஆண்டில் முதல் சுற்றுக்காரராக ஆனார் என்று சொன்னால் அதற்குரிய புகழ் பயிற்சியாளருக்குத்தானே போக வேண்டும்? அப்படித்தான் எழுதப்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் பள்ளி மாணவரின் சுற்று எண், அவரது திறமைக்கான மதிப்பெண் அல்ல. கல்லூரிக்குப் போவதில் உறுதியாக இருப்பவரை முன்சுற்றில் எடுத்தால் அந்தத் தேர்வு வீணாகும் என்று அஞ்சி அணிகள் அவரைக் கடைசிச் சுற்றுகளுக்குத் தள்ளுவது வழக்கம். கிரேயின் 27-ஆம் சுற்று, பள்ளி நாளில் அவர் சுமாரானவர் என்பதைக் காட்டவில்லை. வாண்டர்பில்ட்டுக்குப் போகத் தீர்மானித்தவர் என்பதையே காட்டுகிறது. தொடக்கப்புள்ளி பொய்யாக இருக்கும்போது வளர்ச்சியின் அளவும் பொய்யாகிவிடுகிறது.

டெரெக்கின் கைவண்ணத்துக்கு வலுவான சான்று கல்லூரிக்கு வெளியே, தற்செயலாகக் கிடைத்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியில் 2018-இல் கிரே தடுமாறினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 4.90. 2019 ஜனவரியில் அவர் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். சில மாதங்கள் முன்புதான் அங்கே பிட்சிங் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்தவர் டெரெக். அந்த ஆண்டு கிரேயின் சராசரி 2.87 ஆகக் குறைந்தது. அதே ஆள், அதே கை, பழைய ஆசிரியர். சோதனைச்சாலை நிபந்தனைக்கு இவ்வளவு அருகில் வரும் நிகழ்வு இத்துறையில் அரிது. ஆனாலும் நியூயார்க்கின் நெருக்கடியிலிருந்து விடுபட்டது, எந்தப் பந்தை அதிகம் எறிவது என்பதில் சுதந்திரம் கிடைத்தது, ஒரு மோசமான ஆண்டுக்குப் பின் இயல்பாகவே சராசரிக்குத் திரும்புவது ஆகியவற்றையும் கழித்தே மீதியை டெரெக்கின் கணக்கில் வைக்க வேண்டும். மீதி பூச்சியம் அல்ல என்று நம்புகிறேன்; எவ்வளவு என்று சொல்ல வழியில்லை.

பால் ஸ்கீன்ஸ் கதை இன்னும் சிக்கலானது. விமானப்படை அகாதமியில் இரண்டு ஆண்டுகள் கேட்சராகவும் பிட்சராகவும் இருந்தவர், 2022 கோடையில் எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். வெஸ்ஸின் கீழ் ஒரே சீசனில் 209 ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்து, 1989-இல் பென் மெக்டொனால்ட் வைத்த 202 என்ற தென்கிழக்கு மாநாட்டுச் சாதனையை முறியடித்தார். 2023 டிராஃப்டில் முதல் ஆள். 2024-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம், 2025-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. எல்.எஸ்.யு.வில் அவரது எறிவேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. வெஸ்ஸின் பணிவாழ்வில் மிக ஒளிரும் ஏடு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓராண்டில் மாறியது பயிற்சியாளர் மட்டும் அல்ல. கேட்சராக முழங்காலிட்டு உட்காருவதும் மட்டை பிடிப்பதும் நின்றன. அகாதமியின் இராணுவ நாள்முறை போனது. உணவும் உடற்பயிற்சியும் மாறின. வயது இருபதிலிருந்து இருபத்தொன்றானது. இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்ததே பயிற்சியாளரின் திறமை என்று வாதிடலாம். அப்படியானால் அதை எறிமுறைக் கலை என்று சொல்லாமல் நிர்வாகம் என்று சொல்வதே பொருந்தும்.

தேர்வையும் ஆக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்த நிகழ்வு ஏதும் உண்டா? 2008-இல் நடந்த ஒன்று இந்திய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி, அதுவரை பேஸ்பாலை ஆடியிராத நிலையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பிட்சிங் பயிற்சியாளரிடம் அனுப்பப்பட்டார்கள். ஓராண்டுக்குள் பிட்ஸ்பர்க் அணியின் ஒப்பந்தம் பெற்றார்கள். ஆசிரியரின் பங்கு இங்கே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இங்கும் ஆயிரக்கணக்கானோரிலிருந்து வேகமாக எறிபவர்கள் சலித்தெடுக்கப்பட்ட பிறகே ஆசிரியர் வருகிறார். இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை.

5. கருவிகள் வந்தபின்

2018-க்கு முன் மேஜர் லீக் அணிகள் கல்லூரிப் பயிற்சியாளர்களை ஏன் தேடவில்லை, பிறகு ஏன் தேடின? கருவிகள்தான் காரணம் என்பது பொதுவான விடை; அது பெருமளவு சரி. டிராக்மேன் ரேடார், ராப்சோடோ, நொடிக்கு ஆயிரம் படங்களுக்கு மேல் எடுக்கும் எட்ஜர்ட்ரானிக் கேமரா ஆகியவை பந்தின் சுழற்சி, சுழலச்சு, கையிலிருந்து விடுபடும் புள்ளி ஆகியவற்றை எண்ணாக மாற்றின. சியாட்டில் அருகே கைல் பாடி தொடங்கிய டிரைவ்லைன் போன்ற தனியார் பயிற்சிக்கூடங்களில் பிறந்த முறைகளை முதலில் தழுவியவர்களில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலர். பழைய மேஜர் லீக் பயிற்சியாளர் தன் ஆட்ட நாள்களின் அனுபவத்தைக் கற்பித்தார். அந்த அனுபவம் இல்லாத கல்லூரிக்காரர் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் உயிர்இயந்திரவியல் ஆய்வகம் ஒன்றையே தன் பேஸ்பால் அணிக்காக அமைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2019-இல் இறுதிச் சுற்றுவரை போனபோது அதன் பிட்சிங் பயிற்சியாளராக இருந்த கிறிஸ் ஃபெட்டர், 2020 இறுதியில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எடுக்கப்பட்டார். அந்த அணியின் பிட்சர் டாரிக் ஸ்கூபல் 2024-லும் 2025-லும் சை யங் விருது பெற்றார்.

இந்தக் கருவிகளின் பலன் பற்றி ஐயம் இல்லை. பந்து வேகமாகியிருக்கிறது: மேஜர் லீக்கின் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். ஆனால் இந்த எண்களை 2024 டிசம்பரில் வெளியிட்ட மேஜர் லீக் நிர்வாகத்தின் அறிக்கை, பிட்சர்களின் காயங்களைப் பற்றியது. வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவதும், ஒவ்வொரு பந்தையும் முழு வலுவுடன் எறிவதும்தான் முழங்கைத் தசைநார் முறிவுகள் பெருகக் காரணம் என்று நிபுணர்கள் கருதுவதாக அது சொன்னது. அதாவது, எந்தத் திறமைக்காகக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் சந்தையில் விலை உயர்ந்தார்களோ, அதே திறமை காயத்தின் காரணப் பட்டியலிலும் முதலிடத்தில் இருக்கிறது.

6. கணக்கில் வராத கை

2004 டிராஃப்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் மூன்று பிட்சர்கள் முதல் எட்டு இடங்களுக்குள் தேர்வானார்கள்: பிலிப் ஹம்பர் மூன்றாவது, ஜெஃப் நீமன் நான்காவது, வேட் டவுன்செண்ட் எட்டாவது. ஒரே கல்லூரி அணியிலிருந்து அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. இரண்டாவது அளவுகோலின்படி இது பயிற்சியின் உச்சம். அடுத்த ஆண்டே ஹம்பருக்கும் டவுன்செண்டுக்கும் டாமி ஜான் என்னும் முழங்கை அறுவை நடந்தது. நீமனைத் தோள்வலி துரத்தியது. டவுன்செண்ட் மேஜர் லீகை எட்டவே இல்லை. ஹம்பர் 2012-இல், எதிரணியில் ஒருவரையும் பேஸை எட்டவிடாத பெர்ஃபெக்ட் கேம் ஒன்றை எறிந்தார். ஆனால் அதன்பின் அவரது ஆட்டவாழ்வு நீளவில்லை. தலைமைப் பயிற்சியாளர் வெய்ன் கிரஹாமின் கீழ் ரைஸ் பிட்சர்கள் அளவுக்கு மீறி உழைக்கவைக்கப்பட்டார்கள் என்ற விமர்சனம் அந்நாளிலிருந்து தொடர்கிறது. மூன்று கைகளை வைத்துப் பொதுவிதி கட்ட முடியாது. ஆனால் டிராஃப்டில் தேர்வான மூன்று கைகளை வைத்துப் புகழ் கட்ட முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். புகழுக்குப் போதுமான சான்று, விமர்சனத்துக்கு மட்டும் போதாது என்பது விந்தையான நியாயம்.

2009 மே 30 அன்று டெக்சஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் ஆடிய ஆட்டம் 25 இன்னிங்ஸ், ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. டெக்சஸின் ஆஸ்டின் வுட் இடையில் இறங்கி 13 இன்னிங்ஸில் 169 பந்துகள் எறிந்தார். அவற்றில் பன்னிரண்டு இன்னிங்ஸுக்கு மேல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. டெக்சஸ் 3-2 என்று வென்றது. அன்று தலைமைப் பயிற்சியாளர் ஆகி கரிடோ. பிட்சிங் பயிற்சியாளர் ஸ்கிப் ஜான்சன். வீரச் செயல் என்று கொண்டாடியவர்களும், இளைஞனின் கையைத் தின்றுவிட்டார்கள் என்று கண்டித்தவர்களும் ஒரே அளவில் இருந்தார்கள். வுட் மேஜர் லீகை எட்டவில்லை. ஸ்கிப்பின் பணிவாழ்வு தடைபடவில்லை. பிற்பாடு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். 169-ஆவது பந்தே வுட்டைத் தடுத்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சான்றும் இல்லை. அந்த இரவு எறிந்தவரின் வாழ்க்கையில் ஒரு நிகழ்வாகவும், எறியவைத்தவர்களின் வாழ்க்கையில் வெறும் கதையாகவும் பதிவானது என்பதே கவனிக்க வேண்டியது.

எதிர்ச்சான்றுகளும் உண்டு. 2023 கல்லூரி உலகத் தொடரின் அரையிறுதியில் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸில் 120 பந்துகள் எறிந்தார். அந்த சீசனில் மொத்தம் 122 இன்னிங்ஸுக்கு மேல். 2024, 2025 சீசன்களில் அவரது கைக்குப் பெரிய கேடு எதுவும் வரவில்லை. அதிக உழைப்பு கட்டாயம் காயத்தில் முடியும் என்பது நிறுவப்பட்ட விதி அல்ல. உடல்வாகு, வயது, எறியும் முறை, சிறுவயதில் எறிந்த அளவு எனப் பல காரணங்கள் குறுக்கிடுகின்றன. 2025 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எல்.எஸ்.யு.வின் கேட் ஆண்டர்சன் 130 பந்துகள் எறிந்து 1-0 என்ற வெற்றியை முழுதாகத் தானே முடித்தார். சில வாரங்களில் டிராஃப்டில் மூன்றாவது ஆளாகத் தேர்வானார். மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 19 முதல் 22 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளுக்கு 120 பந்துகள் என்று எல்லை வகுக்கிறது. அது வெறும் பரிந்துரை.

சிக்கல் தனிமனிதர்களின் கொடுமையில் இல்லை. நலன்களின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் 2017 முதல் எல்லா மாநிலங்களும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தாக வேண்டும். ஜப்பானின் கோஷியன் பள்ளிப் போட்டியில்கூட, வீரத்தியாகத்தைப் போற்றும் மரபுக்கு நடுவே, வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு 2020-இல் வந்தது. தொழில்முறை அணிக்குச் சட்டம் தேவையில்லை. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கையை அது தானாகவே காக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கல்லூரியில் மட்டும் என்.சி.ஏ.ஏ. பந்து வரம்பு எதையும் விதிக்கவில்லை. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்று ஆண்டு முடித்தோ 21 வயதை எட்டியோ டிராஃப்டுக்குப் போய்விடுவார். அதன்பின் அந்தக் கை யாருடைய செலவில் முறிந்தாலும் அது பல்கலைக்கழகத்தின் செலவு அல்ல. வெற்றியின் பலன் இவ்வாண்டே பயிற்சியாளருக்கு வருகிறது. தேய்மானத்தின் விலையை வேறொருவர் பிறகு கட்டுகிறார். இந்த அமைப்பிலும் கையைக் காக்கும் பயிற்சியாளர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அடையாளம் காட்டும் அளவுகோல் நம்மிடம் இல்லாததால், அவர்களுக்கான சன்மானமும் இல்லை.

7. எப்படி எழுதலாம்

நான் முன்வைக்கும் மாற்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பயிற்சியாளரின் கீழ் குறிப்பிட்ட இன்னிங்ஸுக்கு மேல் எறிந்த எல்லா பிட்சர்களையும், புகழ்பெற்ற மூவரை மட்டும் அல்ல, எடுத்துக்கொண்டு, கல்லூரியை விட்டபின் ஐந்தாண்டு வரை அவர்களைத் தொடர்ந்து பார்ப்பது. எறிந்துகொண்டிருக்கிறார்களா, எத்தனை அறுவைகள், எப்போது நிறுத்தினார்கள். அதையே ஒத்த பிற பல்கலைக்கழகங்களுடன் ஒப்பிடுவது.

இதற்குச் சொல்லப்படும் தடைகளில் ஒன்று வலுவானது. 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமலே ஒருமுறை கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றானது. பின்னர் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடும் போனது. ஒரே கை மூன்று ஆண்டில் மூன்று பயிற்சியாளர்களிடம் போகக்கூடும். ஸ்கீன்ஸின் முதல் இரண்டு ஆண்டுகளை விமானப்படை அகாதமியின் கணக்கிலா, கடைசி ஓராண்டை மட்டும் வெஸ்ஸின் கணக்கிலா எழுதுவது? பயிற்சியாளர்களும் மாணவர்களைப் போலவே ஆண்டுக்கொருமுறை இடம் மாறுகிறார்கள் என்பதை எல்.எஸ்.யு.வின் நாற்காலியில் பார்த்தோம். இருவருமே நிலைத்து நிற்காத இடத்தில் பொறுப்பைப் பங்கிடுவது கடினம். ஆனால் புகழைப் பங்கிடும்போது இந்தக் கடினம் யாரையும் தடுத்ததில்லை.

தகவல் ஒரு பாதி திறந்தே இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரிலும் பெரும்பாலும் யார் எத்தனை பந்து எறிந்தார் என்பது அச்சாகிறது. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம். மறுபாதியான மருத்துவப் பதிவு மாணவரின் அந்தரங்கம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைப் படிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வாண்டர்பில்ட்டின் குமார் ராக்கரை 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்தது. 60 லட்சம் டாலருக்குப் பேசி முடித்ததாகச் செய்தி வந்தது. அவரது கையின் மருத்துவ அறிக்கையைப் பார்த்தபின் மெட்ஸ் கையெழுத்திட மறுத்தது. செப்டம்பரில் ராக்கருக்குத் தோளில் அறுவை நடந்தது. மறு ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023-இல் முழங்கையிலும் அறுவை. 2021, 2022 ஆகிய இரண்டு கோடைகளிலும் ஒரு கல்லூரிக் கையின் தேய்மானம் டாலர் கணக்கில் மதிப்பிடப்பட்டது. பேரத்தின் இரு தரப்பிலும் மருத்துவர்களும் முகவர்களும் இருந்தார்கள். அவரைப் பயிற்றுவித்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.